முதல் பிராந்திய மாநாட்டுக்குப் போகும் மெதடிஸ்ட் போதகருக்கு: பதிவேட்டில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழகத்தின் திருத்தணிக்கும் ஆந்திரத்தின் நகரிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் என் ஊழியம். ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கிலும் மருமகள் தமிழிலும் ஜெபிக்கிற ஊர்கள் இவை. பிராந்திய மாநாடு என்பது எங்கள் சபைகளின் போதகர்களும் சபைப் பிரதிநிதிகளும் ஆண்டுதோறும் கூடி, அறிக்கை கொடுத்து, காரியங்களைத் தீர்மானிக்கும் கூட்டம். அப்படிப் பல மாநாடுகளுக்குப் போய் வந்த பிறகு, புதிதாக ஊழியத்துக்கு வரும் தம்பிமார் தங்கள் அறிக்கைகளை என்னிடம் காட்டிவிட்டு எடுத்துப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். வேலையை முடிவிலிருந்து தொடங்குகிறார்கள். அறிக்கைப் படிவத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் கட்டங்களை நிரப்ப எண்களைத் தேடுகிறார்கள்.

முதலில் திறக்க வேண்டியது பதிவேடு. படிவம் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள வரிசை அதன்படி அமைந்தது. அவசரத்தில் எதையாவது விட நேர்ந்தால் எட்டாவது பகுதியை விடுங்கள், இரண்டாவதை விடாதீர்கள்.

1. ஆறு வாரத்துக்கு முன் மேசைக்கு வர வேண்டியவை

உறுப்பினர் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், ரசீதுப் புத்தகங்கள், சபைக் குழுவின் தீர்மானப் புத்தகம். இவற்றோடு சென்ற ஆண்டு மாநாட்டின் அச்சிட்ட அறிக்கைப் புத்தகமும் வேண்டும். இந்தக் கடைசிப் புத்தகத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் சபையைப் பற்றிச் சென்ற ஆண்டு என்ன எண் அச்சானதோ அதுவே இந்த ஆண்டின் தொடக்க எண்.

திருச்சபையின் விதிநூலில் உங்கள் நிலைக்குரிய பகுதியையும் இப்போதே படித்துவிடுங்கள். தகுதிகாண் நிலையில் இருப்பவருக்கு மாநாட்டின் சில காரியங்களில் வாக்குரிமை கிடையாது. இதை மன்றத்தில் கையை உயர்த்திய பிறகு தெரிந்துகொள்வது வருத்தமாக இருக்கும்.

ஆறு வாரம் அதிகம் என்று தோன்றலாம். பதிவேடுகளில் ஒன்று எப்போதும் கணக்கர் வீட்டிலோ பழைய செயலரின் பீரோவிலோ இருக்கும். அதைத் தேடி வாங்கவே இரண்டு ஞாயிறுகள் போய்விடும்.

2. உறுப்பினர் பதிவேட்டை வீடு வீடாகச் சரிபாருங்கள்

கணக்கு எளிது. சென்ற ஆண்டு முடிவு எண்ணோடு, திடப்படுத்தல் பெற்றவர்களையும் வேறு சபையிலிருந்து மாற்றுச் சான்றோடு வந்தவர்களையும் கூட்டுகிறோம். மரித்தவர்களையும் மாற்றுச் சான்று வாங்கிப் போனவர்களையும் கழிக்கிறோம். 212 பேரில் தொடங்கி, 9 பேர் திடப்படுத்தல் பெற்று, 4 பேர் சான்றோடு வந்து, 3 பேர் மரித்து, 6 பேர் சான்று வாங்கிப் போயிருந்தால் 216. ஞானஸ்நானம் மட்டும் பெற்ற பிள்ளைகளை இதில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. முழு உறுப்பினர் என்பது திடப்படுத்தலுக்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கை மேசையில் உட்கார்ந்தே போட்டுவிடலாம் என்பது முதல் தவறு. எங்கள் எல்லைப் பகுதியில் அது நடக்காது. விசைத்தறித் தொழிலை நம்பிய குடும்பங்கள் வேலை குறைந்தால் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுகின்றன. வீடு பூட்டிக் கிடக்கும். பெயர் பதிவேட்டில் இருக்கும். அவர்களை நீங்களாகக் கழிக்காதீர்கள். மாற்றுச் சான்று கேட்காதவர் இன்னும் உங்கள் சபையின் உறுப்பினர்தான். அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, தொலைபேசியில் பேசி, சபைக் குழுவின் முன் வையுங்கள். எங்கள் சபையில் அப்படிப் பேசியதில் ஒரு குடும்பம், தாங்கள் போன ஊரில் ஆலயம் கிடைக்காமல் இரண்டு ஆண்டுகளாக ஆராதனையே இல்லாமல் இருந்தது தெரியவந்தது. அறிக்கைப் படிவம் அதைச் சொல்லியிருக்காது.

இரண்டாவது தவறு பெயர்களில். ஞானஸ்நானப் பதிவேட்டில் தமிழில் 'மரியாள்', ஆதார் அட்டையில் தெலுங்கில் 'மேரம்மா', காணிக்கைப் புத்தகத்தில் 'மேரி'. மூன்றும் ஒரே அம்மா. இதே போல் இரண்டு மொழிகளில் இரண்டு முறை எண்ணப்பட்ட பெயர்களை நான் ஒரே பதிவேட்டில் ஐந்து கண்டிருக்கிறேன். தகப்பன் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும். தீர்ந்ததும் இரண்டு எழுத்துகளிலும் பெயரை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அடுத்து வரும் போதகர் உங்களை வாழ்த்துவார்.

மூன்றாவது, கல்யாணமாகிப் போன பெண்கள். சி.எஸ்.ஐ. குடும்பத்துக்கோ லுத்தரன் குடும்பத்துக்கோ மருமகளாகப் போனவர், அங்கே திருவிருந்தில் பங்குபெறுகிறார், இங்கே பெயரும் இருக்கிறது. பெற்றோரிடம் கேட்டு, மாற்றுச் சான்று கொடுத்து அனுப்புங்கள். பெற்றோருக்கு இது மனக்கஷ்டம் தரும். "பெயரை எடுத்துவிட்டால் எங்கள் பிள்ளை இந்தச் சபைக்கு அந்நியமாகிவிடுவாளா ஐயா?" என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். சான்று என்பது அந்தச் சபைக்கு நாம் எழுதும் பரிந்துரைக் கடிதம் என்று சொல்லி, அதை அவர் கையிலேயே கொடுத்தேன்.

இந்த வேலையை நான் வலியுறுத்துவதற்கு என் முதல் மாநாடு காரணம். அச்சிட்ட அறிக்கைப் புத்தகத்தைப் பார்க்காமல், பதிவேட்டின் முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்த எண்ணைத் தொடக்க எண்ணாக எடுத்துக்கொண்டேன். புள்ளிவிவரக் குழு 14 பேர் எங்கே என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை. மந்தையில் 14 பேரைக் காணோம் என்று கேட்கப்பட்டு மௌனமாக நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது.

3. கணக்கு: கைக்கு வந்த பணம் மட்டுமே வரவு

முதலில் பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் மாதவாரியாகப் பொருத்துங்கள். பிறகு ரசீது அடிக்கட்டைகளை வரிசை எண்படி சரிபாருங்கள். விடுபட்ட எண் இருந்தால் காரணத்தை அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். இவற்றுக்குப் பிறகுதான் தணிக்கையாளரிடம் போக வேண்டும். வரிசையை மாற்றி முதலில் தணிக்கையாளரிடம் கொடுத்துவிட்டால், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கணக்கரை அலைய வைப்பீர்கள். கணக்கரோ பெரும்பாலும் கூலி வாங்காமல் உழைக்கும் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார்.

அதிகக் குழப்பம் தருவது அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், சேவல், மாம்பழக் கூடை, நெல் மூட்டை என்று ஏலம் போகும். சந்தோஷத்தில் விலை ஏறும். ஒரு பூசணிக்காய் 2,000 ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் வாரக்கூலி வாங்கும் தறிக்காரர், தவணையில் தருவார். புதிய போதகர் ஏலத் தொகை முழுவதையும் வரவில் எழுதிவிடுகிறார். ஆண்டு முடிவில் கணக்கில் பணம் இருக்கும், பெட்டியில் இருக்காது. ஏலத் தொகைக்குத் தனிப் பட்டியல் வைத்து, வசூலானதை மட்டும் வரவில் எழுதுங்கள். பாக்கியை 'வரவேண்டியது' என்று கீழே காட்டுங்கள். பாக்கி வைத்தவர் பெயரை ஆலயத்தில் வாசிக்காதீர்கள். அவர் அந்த விலைக்கு எடுத்தது அன்பினால்.

மாநாட்டுக்குச் சபை செலுத்த வேண்டிய பங்குத் தொகையை மாதந்தோறும் பிரித்து வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போதே, நம் வட்டாரச் சபைகளை மேற்பார்க்கும் போதகரான மாவட்டக் கண்காணிப்பாளரிடம் நேரில் போய், எவ்வளவு முடியும், எப்போது முடியும் என்று சொல்லிவிடுங்கள். பாக்கியோடு வரும் சபை மேல் யாரும் கோபப்படுவதில்லை. பாக்கியைக் கடைசி நாளில் அறிவிக்கும் போதகர்தான் சங்கடப்படுகிறார்.

4. சொத்துக் காகிதங்கள்

திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. ஆகவே எங்கள் பக்கத்து ஆலய நிலங்களின் பழைய பத்திரங்களைத் தேடும்போது இரண்டு மாநிலங்களின் அலுவலகங்களையும் மனதில் வைக்க வேண்டியிருக்கிறது. சில காகிதங்கள் தெலுங்கில் இருக்கும். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறாரே என்று விட்டுவிடாமல், தமிழ் மொழிபெயர்ப்பை எழுத்தில் வாங்கிப் பத்திர நகலோடு இணையுங்கள். தமிழகப் பக்கத்து நிலத்துக்குப் பட்டாவும் சிட்டாவும், ஆந்திரப் பக்கத்து நிலத்துக்கு அடங்கலும் (சாகுபடிப் பதிவு) 1-பி நகலும் (நில உரிமைப் பதிவு), இரண்டுக்கும் வில்லங்கச் சான்றும் கோப்பில் இருக்கட்டும்.

மின் கட்டண அட்டையையும் வீட்டு வரி ரசீதையும் பாருங்கள். எப்போதோ மரித்த ஒரு மூப்பரின் பெயரில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நாளை ஒரு தகராறு வந்தால் அந்தச் சிறு ரசீதுதான் எதிராக நிற்கும். அசல் பத்திரங்களை மாநாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், நகல் போதும்.

5. படிவத்தை நிரப்பி, சபைக் குழுவின் முன் வாசியுங்கள்

இப்போதுதான் படிவம். மேலே சொன்ன நான்கும் முடிந்திருந்தால் இது ஒரு மாலை வேலை.

நிரப்பியதை அனுப்புவதற்கு முன் சபைக் குழுவில் ஒவ்வொரு எண்ணாக வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். காரணம் இரண்டு. தவறு இருந்தால் அது ஊருக்குள்ளேயே பிடிபடும். அதோடு, உங்களுடன் வரும் சபைப் பிரதிநிதிக்கு எண்கள் தெரிந்திருக்கும். நம் மாநாட்டில் போதகரும் சபையாரும் சேர்ந்தே அமர்கிறார்கள். போதகர் ஒரு எண் சொல்ல, பிரதிநிதி வேறு எண் சொல்லும் நிலை வரக் கூடாது.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடும் பழக்கம் இருக்கிறது. நான் இதை ஏற்பதில்லை. சபையின் துக்கமும் சந்தோஷமும் தெரிந்தவர் போகட்டும். மொழிபெயர்த்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

6. வாய்மொழி அறிக்கை: மூன்று நிமிடம்

எழுத்து அறிக்கை அச்சில் இருக்கும். மேடையில் அதையே மறுபடி வாசிக்காதீர்கள். ஓர் எண், ஒரு சம்பவம், ஒரு தேவை போதும். 'ஞாயிறு பள்ளியில் 38 பிள்ளைகள். பாதிப் பேர் தெலுங்கு வழியில் படிக்கிறார்கள், பாட்டு தமிழில் இருக்கிறது. இரண்டு எழுத்திலும் அச்சிட்ட பாடத்தாள் வேண்டும்' என்று சொன்னால் கல்விக் குழுவில் யாராவது குறித்துக்கொள்வார்கள். 'ஊழியம் ஆசீர்வாதமாக நடைபெறுகிறது' என்று சொன்னால் யாரும் எதையும் குறிக்க மாட்டார்கள்.

எல்லைப் பகுதிப் போதகர் தமிழிலும் தெலுங்கிலும் எளிய ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிப் பழக வேண்டும். எந்த மொழியில் கேட்பார்கள் என்பது மேடைக்குப் போகும்வரை தெரியாது.

7. சொந்தக் கடன், வீட்டு ஏற்பாடு

மாநாட்டில் ஒவ்வொரு போதகரின் நடத்தையும் விசாரிக்கப்படும். தகுதிகாண் நிலை முடிந்து மாநாட்டின் முழு உறுப்பினராகச் சேரும் போதகரிடம், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்திலிருந்து வரும் கேள்விகள் கேட்கப்படும். ஊழியத்துக்கு இடையூறாகும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்பது அவற்றில் ஒன்று. மளிகைக் கடை, பால்காரர், மருந்துக் கடை, மூன்றுக்கும் போய்க் கணக்கு முடித்துவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் எவ்வளவு, எப்போது என்று அவர்களிடமே பேசுங்கள். மனது சுத்தமாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

நீங்கள் இல்லாத ஞாயிறுக்கு ஆராதனை நடத்துபவரை முன்கூட்டியே அறிவியுங்கள். மரண வீடு வந்தால் யார் அடக்கம் செய்வார் என்பதையும் பக்கத்துச் சபைப் போதகரிடம் பேசி எழுதி வையுங்கள். இதை மறந்த ஓர் ஆண்டு, ஒரு பாட்டியின் உடல் நாள் முழுவதும் வீட்டிலேயே காத்திருந்தது.

8. பயணம்

எங்களுக்கு ரேணிகுண்டா–அரக்கோணம் பாதை ரயில்தான் வசதி. முதல் கூட்டம் மாலையில் என்றால் காலையிலேயே போய்ச் சேருங்கள். அங்கி, அதன் மேல் கழுத்தில் அணியும் ஸ்டோல், வேதாகமம், பாட்டுப் புத்தகம், போர்வை, மாத்திரை, அறிக்கையின் மூன்று நகல்கள். சபைப் பிரதிநிதி வயதானவர் என்றால் அவருக்குக் கீழ்ப் படுக்கையையும் தரைத்தள அறையையும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

9. மாநாட்டு மன்றத்தில்

போனதும் பெயரைப் பதிவு செய்து அடையாள அட்டையைப் பெறுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள் உட்கார ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் உட்காருங்கள். நண்பரோடு பேசிக்கொண்டே பார்வையாளர் பக்கம் உட்கார்ந்தால், வாக்கு எண்ணும்போது உங்களை எண்ண மாட்டார்கள்.

முதல் நாள் இரவு, தூங்கும் முன், அறிக்கைப் புத்தகத்தை முழுவதும் புரட்டிவிடுங்கள். உங்கள் சபையைத் தொடும் பக்கங்களின் மூலையை மடியுங்கள். மறுநாள் தலைவர் பக்க எண்ணைச் சொல்லி நகர்ந்துகொண்டே இருப்பார். தேடிக்கொண்டிருப்பவருக்குப் பேச நேரம் கிடைக்காது.

பேச வேண்டுமானால் எழுந்து நின்று, தலைவர் பார்க்கும்வரை காத்திருந்து, பெயரையும் சபையையும் சொல்லி, தலைவரை நோக்கிப் பேசுங்கள். எதிர்க் கருத்துச் சொன்னவரை நோக்கித் திரும்பிப் பேசுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. தலைவரை நோக்கிப் பேசும்போது பேச்சு காரியத்தைப் பற்றியதாக இருக்கும். ஆளை நோக்கித் திரும்பினால் சண்டையாகிவிடும். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்த பிறகுதான் விவாதம். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகு மூலத் தீர்மானத்துக்கு. எதற்கு வாக்களிக்கிறோம் என்று புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை.

உண்மையான வேலை குழுக்களில் நடக்கிறது. பெரிய மன்றத்தில் அரை நிமிடத்தில் நிறைவேறும் தீர்மானத்தின் பின்னால் குழு அறையில் மூன்று மணி நேரப் பேச்சு இருக்கும். உங்களை எந்தக் குழுவில் போட்டாலும் தவறாமல் போங்கள்.

1744இல் வெஸ்லி லண்டனில் கூட்டிய முதல் மாநாட்டில், எதைப் போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது என்ற கேள்விகளைத்தான் பேசினார்கள். இன்று வரவு செலவும் சொத்தும் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. அந்தப் பழைய கேள்விகள் சாப்பாட்டு வரிசையிலும் இரவுத் திண்ணையிலும் உயிரோடு இருக்கின்றன. மூத்த போதகர்களின் பக்கத்தில் உட்காருங்கள். குடிகாரக் கணவரோடு வாழும் பெண்ணுக்கு என்ன ஆலோசனை சொன்னீர்கள் ஐயா என்று கேளுங்கள். என் ஊழியத்தில் நான் கற்றதில் பாதி அப்படிக் கிடைத்தது.

மரித்த போதகர்களுக்கான நினைவு ஆராதனையின்போது வெளியே தேநீர் குடிக்கப் போகாதீர்கள். முன் வரிசையில் அவர்களுடைய மனைவிமார் உட்கார்ந்திருப்பார்கள்.

குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டு எழுதுங்கள்: என்ன முடிவானது, நம் சபை செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள்.

10. நியமனம் வாசிக்கப்படும் நேரம்

கடைசியில் பேராயர் நியமனங்களை வாசிப்பார். மன்றம் அடங்கிப்போகும். நம் முறையில் போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை, அவர் அனுப்பப்படுகிறார்.

குடும்பத்தில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால், பிள்ளையின் பொதுத்தேர்வோ மனைவியின் சிகிச்சையோ, அதை, நியமனம் வாசிப்பதற்கு முன்பே, மாவட்டக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாசித்த பிறகு கண்ணீரோடு போய் நிற்பது எல்லோருக்கும் கடினம். எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 15 கிலோமீட்டர் தள்ளி மாற்றல் வந்தாலும் மாநிலம் மாறலாம். பிள்ளையின் பாடமொழி மாறும். இதைச் சொல்லத் தயங்காதீர்கள். தெரியாத ஒன்றை யாரும் கணக்கில் எடுக்க முடியாது.

மாற்றல் வந்தால் முதல் தொலைபேசி அழைப்பு வீட்டுக்குப் போக வேண்டும். சபையாருக்கு அடுத்து. வாட்ஸாப்பில் நியமனப் பட்டியல் பரவும் வேகம் உங்களுக்குத் தெரியும். மனைவி அதைப் பிறர் வழியாகக் கேட்கும்படி விடக் கூடாது.

11. திரும்பி வந்த பின்

முதல் ஞாயிறில், பிரசங்கத்துக்குப் பதிலாக அல்ல, அறிவிப்பு நேரத்தில், பத்து நிமிடம் மாநாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். சபைப் பிரதிநிதியே பேசட்டும். இரண்டு மொழிகளிலும் சொல்லப்பட வேண்டும். பங்குத் தொகை கொடுக்கும் தறிக்காரருக்கு அது எங்கே போகிறது என்று கேட்க உரிமை இருக்கிறது. அதே வாரம் சபைக் குழுவைக் கூட்டி, குறிப்பேட்டின் இரண்டாம் மூன்றாம் பத்திகளைத் தீர்மானமாக்குங்கள். ஒரு மாதம் தள்ளினால் யாருக்கும் நினைவிருக்காது.

மாற்றலில் போகிறவர், முதல் பகுதியில் சொன்ன எல்லாப் பதிவேடுகளையும் பட்டியலிட்டு, வருபவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். பாக்கிகளை மறைக்காதீர்கள். நோயாளிகள், தனியாக வாழும் முதியோர், கோபித்துக்கொண்டு ஆலயத்துக்கு வராதவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அந்த வீடுகளுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

எல்லை தாண்டிப் போகிறவருக்குக் கடைசியாக ஒன்று. 1872ஆம் ஆண்டு இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, திருமணம் நடத்தும் உரிமத்தை மாநில அரசு தன் எல்லைக்குட்பட்ட பகுதிக்குத்தான் தருகிறது. தமிழகத்தில் பெற்ற உரிமத்தோடு நகரிப் பக்கம் திருமணம் நடத்த முடியாது. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அது கைக்கு வரும்வரை, தேதி குறித்துக்கொண்டு வருகிற குடும்பங்களுக்கு அந்த மாநிலத்தில் உரிமமுள்ள ஒரு போதகரை ஏற்பாடு செய்துகொடுங்கள்.